பெடல் கயாக் கட்டையில் மோதினால் முதலில் எது உடையும்?

[காட்சி: மேலிருந்து எடுத்த ஏரி. தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பட்ட மரங்கள்.]

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள மேரியன் ஏரி இது. சான்ட்டி ஆற்றில் அணை கட்டியதால் உருவான நீர்த்தேக்கம். பரப்பு சுமார் 1,10,000 ஏக்கர். 1939-ல் வேலை ஆரம்பித்தது. முழுகப்போகும் காட்டை வெட்டி எடுத்த பிறகு தண்ணீரைத் தேக்குவதுதான் வழக்கம். ஆனால் அது இரண்டாம் உலகப் போர்க்காலம். மின்சாரம் சீக்கிரம் வேண்டும் என்ற அவசரத்தில், பெரிய பரப்பில் மரங்களை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீரை ஏற்றிவிட்டார்கள்.

மீன்களுக்குக் கொண்டாட்டம். 1964-ல் 58 பவுண்டு எடையுள்ள சானல் கெளுத்தி பிடிபட்டது, மேரியன் ஏரியும் சேர்ந்த சான்ட்டி கூப்பர் நீர்த்தேக்கத் தொகுதியில்தான். உலக சாதனை அது. தூண்டிலோடு பெடல் கயாக்கில், அதாவது காலால் மிதித்து ஓட்டும் ஒடுக்கமான சின்னப் படகில், வருபவர்களுக்குத்தான் கொஞ்சம் பாடு.

கண்ணுக்குத் தெரியும் மரத்தால் தொந்தரவில்லை, சுற்றிப் போய்விடலாம். மேல்பாகம் உளுத்து விழுந்து, தண்ணீருக்கு ஒரு சாண் கீழே நிற்கிறதே அடிக்கட்டை, அதுதான் ஆள்விழுங்கி. நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால் போதும், நேற்று போய்வந்த வழியிலேயே இன்று இடிக்கும்.

[காட்சி: கயாக்கின் அடிப்பக்கம், தண்ணீருக்குள்ளிருந்து.]

துடுப்புப் போடும் கயாக் என்றால் கட்டையின் மேல் உரசி வழுக்கிப் போய்விடும். பெடல் கயாக்கில் அது நடக்காது, ஏனென்றால் மிதிக்கும் விசையால் படகைத் தள்ளும் பொறியான டிரைவ், படகுக்குக் கீழே தொங்குகிறது. மாடலைப் பொறுத்து ஓர் அடி, ஒன்றரை அடி ஆழம்வரை இறங்கி நிற்கும்.

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். படகு, ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 150 கிலோ. வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர், நிதானமாக மிதித்தாலே வரும் வேகம். இதன் இயக்க ஆற்றல் சுமார் 145 ஜூல். 15 கிலோ அரிசி மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் எவ்வளவு அடி விழுமோ, அவ்வளவு. அதை மொத்தமாக டிரைவின் நுனி வாங்குகிறது. எனவே டிரைவ் எவ்வளவு கெட்டி என்று கேட்பதைவிட, அடி விழுந்தால் அது எங்கே போய்ச் சேரும் என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி.

[காட்சி: மேஜை மேல் இரண்டு டிரைவ்கள்.]

முதலில் புரொப்பல்லர் வகை. செங்குத்தான ஒரு தண்டு, அடியில் கியர், அதில் புரொப்பல்லர். நன்றாக ஓடும், பின்னாலும் சுலபமாகப் போகும். ஆனால் தண்டு அசையாமல் நிற்கும் மாடலில், கட்டை இடித்தால் நெம்புகோல்போல விசை மேலே ஏறி, டிரைவ் உட்காரும் குழியின் விளிம்பைப் பிடித்துத் திருகும். மோதலில் தானாக மடங்குமா, அல்லது கையால்தான் தூக்க வேண்டுமா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, புரொப்பல்லரில் தூண்டில் நரம்பு சுற்றினால் உடனே எடுக்க வேண்டும். விட்டால் அது உள்ளே நுழைந்து, தண்ணீர் புகாமல் தடுக்கும் அடைப்பை (சீல்) அறுக்கும், அப்புறம் கியருக்குள் தண்ணீர்தான்.

இரண்டாவது ஃபின் வகை. ஹோபி நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த மிராஜ் டிரைவ் இந்த வகை. மீன் துடுப்பு போன்ற இரண்டு ஃபின்கள் இடம் வலமாக வீசும். ஒரு பெடலை முழுக்க முன்னால் தள்ளினால் இரண்டும் படகின் அடியோடு ஒட்டிக்கொள்ளும். கட்டை நிறைந்த இடத்தில் இந்த ஒரு வசதியே பெரிய விஷயம். பழைய மாடல்களில் பலமாக இடித்தால், ஃபினுக்குள் இருக்கும் எஃகுக் கம்பி வளையும். பின்னால் வந்த 'கிக்-அப்' ஃபின்கள் மோதியதும் மடங்கிக்கொள்கின்றன. வேகத்துக்கு ஆசைப்பட்டு நீளமான ஃபின் மாட்டினால், அதே அடிக்குக் கம்பி இன்னும் அதிகமாக வளையும். மரம் முழுகிய ஏரிக்கு என்னைக் கேட்டால் மடங்கும் ஃபின்தான், அதிலும் குட்டை அளவு.

[காட்சி: உள்ளங்கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பின்.]

இது சுக்கானைப் பிடித்திருக்கும் பின், அதாவது ஆணி. உடையட்டும் என்றே பிளாஸ்டிக்கில் செய்திருக்கிறார்கள். சுக்கான் கட்டையில் மாட்டினால் இது முறிந்து சுக்கானைக் காப்பாற்றிவிடும். இரண்டு, மூன்று உபரி வாங்கிப் படகிலேயே வையுங்கள். "அடிக்கடி உடைகிறதே" என்று எரிச்சல்பட்டு இதே இடத்தில் இரும்பு ஆணியைச் செருகுபவர்கள் உண்டு. அடுத்த மோதலில் சுக்கானே பிய்ந்து வரும்.

படகின் ஓடு பெரும்பாலும் பாலிஎத்திலீன். கட்டை உரசிக் கீறல் விழுந்தால் கவலைப்படாதீர்கள். சாதாரண பாலிஎத்திலீன் வெடித்தால் உருக்கி ஒட்டலாம். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்த கிராஸ்லிங்க்டு வகை உருகாது, அதனால் அந்த முறை அதற்குச் செல்லாது.

கட்டை இருக்கும் பக்கம் போனால் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள், மோதலின் ஆற்றல் கால்பங்காகிவிடும். இடித்துவிட்டால் மிதித்துத் தாண்டப் பார்க்காதீர்கள். டிரைவைத் தூக்கிவிட்டுத் துடுப்பால் விலகுங்கள். துடுப்பில்லாமல் பெடல் கயாக்கில் கிளம்பவே கூடாது.

[காட்சி: டிரைவ் குழிக்குள் டார்ச் வெளிச்சம்.]

பழைய படகு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அடியில் இருக்கும் கீறல்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். டிரைவைக் கழற்றி, குழியின் நான்கு மூலைகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள்.