'எந்தத் தெரு?' என்று கேட்கிற வீட்டில் வளரும் பிள்ளை

பெற்றோர்களுக்கு வணக்கம். இனம், நிறம், சாதி பார்க்காத பிள்ளைகளாக வளர்ப்பது எப்படி என்று பேசப்போகிறேன். இனவெறி என்றாலே அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா என்றுதான் மனம் போகும். அங்கிருந்தே தொடங்குகிறேன். 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி, மூன்று முதல் ஏழு வயது வரையிலான கறுப்பினப் பிள்ளைகளிடம் பொம்மைகளைக் கொடுத்தார்கள். நிறம் மட்டும்தான் வேறு. 'எது நல்ல பொம்மை?' என்று கேட்டபோது பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கென்னத் கிளார்க்கின் ஆய்வுக் கட்டுரை ஒன்றையும் அடிக்குறிப்பில் சுட்டியது. மூன்று வயதுப் பிள்ளைக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. சுற்றிலும் பார்த்தே கற்றுக்கொண்டது.

தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் நம் பிள்ளை எதைப் பார்க்கிறது? மாசமாக இருக்கிற பெண்ணுக்குச் சிவப்பாகப் பிள்ளை பிறக்கும் என்று குங்குமப்பூ பால் கொடுப்பதைப் பார்க்கிறது. 'கருப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்று பாராட்டுவதைக் கேட்கிறது. அந்த 'இருந்தாலும்' போதும், கருப்பு ஒரு குறை என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். எல்லாவற்றையும்விட ஆழமாகப் பதிவது வயல்வேலைக்கு வருகிறவர்களை நாம் நடத்தும் விதம். எழுபது வயதுப் பெரியவரை ஏழு வயதுப் பேரன் பேர் சொல்லிக் கூப்பிட்டு 'வா, போ' என்கிறான். வீட்டில் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர், அவருக்கு மட்டும் பேப்பர் கப். தனிக் குவளை ஒழிந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். பிள்ளையின் கண்ணுக்கு அது அப்படியே இருக்கிறது.

ஆகவே முதல் வேலை பிள்ளையைத் திருத்துவதல்ல, வீட்டை மாற்றுவது. வேலைக்கு வருகிறவர்களை வயதுக்கேற்ப தாத்தா, பெரியம்மா, அண்ணன், அக்கா என்று பெரியவர்கள் முதலில் கூப்பிடுங்கள். அதே டம்ளரில் காபி, அதே திண்ணையில் இடம். பாட்டி முகம் சுளித்தால் பிள்ளை எதிரில் சண்டை வேண்டாம்; ஆனால் பிள்ளையிடம் அன்றே தனியாக, 'பாட்டி செஞ்சது சரியில்ல, நம்ம வீட்டுல இனி அப்படிச் செய்ய மாட்டோம்' என்று சொல்லிவிடுங்கள். பாட்டியிடம் பிறகு பேசலாம். பொங்கலுக்குப் பழைய துணியைப் பிள்ளை கையால் கொடுக்க வைப்பதையும் நிறுத்துங்கள். நாம் கொடுக்கிற சாதி, அவர்கள் வாங்குகிற சாதி என்பதைத்தான் அது கற்றுக்கொடுக்கும்.

நான்கு வயதுப் பிள்ளை பேருந்தில் உரக்க, 'அந்த மாமா ஏன் இவ்ளோ கருப்பு?' என்று கேட்கும். நாம் தொடையில் கிள்ளி அடக்குகிறோம். பிள்ளை கேட்டது தப்பல்ல. அடக்கியதில்தான் கருப்பு என்பது வெளியில் சொல்லக்கூடாத அசிங்கமாகிறது. அதே குரலில் பதில் சொல்லுங்கள்: 'தோலுக்குள்ள மெலனின்னு ஒண்ணு இருக்கு. அது நிறைய இருந்தா கருப்பு, குறைவா இருந்தா வெளுப்பு. வெயில்லேருந்து அது நம்மளக் காப்பாத்தும்.' இவ்வளவு போதும்.

பள்ளிக்கூடத்து நண்பன் வீட்டுக்கு வருகிறான். 'எந்தத் தெருப்பா? அப்பா பேர் என்ன? குலதெய்வம் எந்த ஊர்ல?' சாதியைக் கேட்காமலே சாதி கேட்கும் கேள்விகள் இவை. பதில் வந்ததும் நம் முகம் மாறுவதைப் பத்து வயதுப் பிள்ளை சரியாகப் படித்துவிடும். 'என்ன விளையாடுனீங்க, சாப்பிட்டியா' என்று கேளுங்கள். 'எல்லாரும் ஒண்ணுதான்' என்ற ஒற்றை வாக்கியத்தோடு கடமை முடிந்தது என்று நினைப்பதும் பலிக்காது. தெருவும் சுடுகாடும் தனித்தனியாக இருப்பதைப் பிள்ளை தினமும் பார்க்கிறது.

நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். 'வடக்கன்' என்று பிள்ளை சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், ஆனால் திட்டாதீர்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் மலேயா தோட்டங்களுக்கும் கூலிகளாகப் போன நம் முன்னோர்களைப் பற்றிச் சொல்லுங்கள். இன்று சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதியில் தங்கி உழைக்கும் மாமாவையோ சித்தப்பாவையோ அங்கே யாராவது அப்படிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். வந்திருப்பவரின் பெயரைப் பிள்ளையே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

பன்னிரண்டு வயதுக்கு மேல், நாகை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பக்கத்து ஊர்க்காரர்களே இதைப் பிள்ளைகளிடம் பேசாமல் விடுவது எனக்கு மிகுந்த வருத்தம். கீழ்வெண்மணி நினைவிடத்துக்குக் கூட்டிப்போங்கள். யார், எதற்காக, என்ன கூலிக்கு என்ற கேள்விகளைப் பிள்ளை கேட்கட்டும்.

அந்த வயதில்தான் கையில் கலர் கயிறு ஏறும். நாங்குநேரியில் 2023-இல் பட்டியலின மாணவர் ஒருவரை அவரோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியபின் தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதி அடையாளக் கயிறுகளைப் பள்ளிகளில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. கயிற்றைப் பிடுங்கி எறிந்தால் பையன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவான். யார் கட்டிவிட்டார்கள், கட்டாவிட்டால் யார் ஒதுக்குவார்கள் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அங்கே பயம்தான் இருக்கும்.

உங்கள் பிள்ளையே இழிவுபட்டு வந்தால், 'நீ ஒதுங்கிப் போ' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 'தப்பு உன்கிட்ட இல்ல' என்பதுதான் முதல் வார்த்தை. தேதி, சொன்ன சொல், கூட இருந்தவர்கள் என்று அன்றிரவே எழுதி வையுங்கள். தலைமையாசிரியரிடம் மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வாய்ப்பேச்சாக முடித்தால், அடுத்த முறை 'இதுவரை புகாரே வரவில்லை' என்பார்கள். பள்ளி அசையவில்லை என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள். பட்டியலினப் பிள்ளையைச் சாதியைச் சொல்லி அவமானப்படுத்தியிருந்தால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அந்தப் பிரதியோடு காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.