கையில் பிடிபடாத கண்டுபிடிப்புகள்

வணக்கம் நேயர்களே.

1957 நவம்பரில் நியூயார்க்கில் ஓர் ஆராய்ச்சி மாணவர் தன் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு மிட்டாய்க் கடைக்குப் போனார். கடைக்காரர் ஆவணங்களுக்குச் சான்றளிக்கும் நோட்டரியும்கூட. பக்கங்களில் தேதியும் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு மாணவர் திரும்பினார். முதல் பக்கத் தலைப்பில் ‘லேசர்’ என்ற சொல் இருந்தது. அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான்: கார்டன் கூல்ட்.

இத்தனை முன்யோசனைக்காரர் அடுத்த அடியில் சறுக்கினார். இயங்கும் கருவியைச் செய்து காட்டினால்தான் காப்புரிமை கேட்க முடியும் என்று நினைத்துவிட்டார். உண்மையில், துறை தெரிந்த ஒருவர் படித்துச் செய்துகொள்ளும்படி செய்முறையை எழுதிக் கொடுத்தாலே போதும். கூல்ட் விண்ணப்பித்தது 1959 ஏப்ரலில். அதே யோசனையில் இருந்த இயற்பியலாளர்கள் சார்லஸ் டவுன்ஸும் ஆர்தர் ஷாலோவும் 1958 ஜூலையிலேயே விண்ணப்பித்து, 1960 மார்ச்சில் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். இன்னோர் இயற்பியலாளர் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரவைத்ததோ அதே ஆண்டு மே மாதம். அதாவது, உலகில் ஒரு லேசர்கூட இயங்காத நாளில் லேசருக்குக் காப்புரிமை இருந்தது! கூல்டின் கதையை அப்படியே வைத்திருங்கள், கடைசியில் வருகிறேன்.

காப்புரிமை என்பது ஒரு பேரம். ‘உன் ரகசியத்தை ஊரறியச் சொல், பதிலுக்குக் கொஞ்ச காலம் உன் அனுமதியில்லாமல் வேறு யாரும் அதைச் செய்யாதபடி தடுக்கும் உரிமை தருகிறேன்’ என்கிறது அரசு. நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதுபோல, காப்புரிமை ஆவணத்தின் முடிவில் ‘உரிமைக்கோரிக்கைகள்’ என்று எண் போட்ட வாக்கியங்கள் வரும். படங்களும் விளக்கமும் எவ்வளவு அழகாக இருந்தாலும், வேலி அந்த வாக்கியங்கள்தான். எந்த ஆவணத்தையும் நான் அங்கிருந்துதான் படிக்கத் தொடங்குவேன்.

மூன்று வகைக் கண்டுபிடிப்புகளைப் பார்ப்போம். முதலாவதாக, கண்ணாடியும் குழாயுமாகக் கையில் பிடிபடும் பொருளுக்கு வேலி போடுவது சுலபம் என்று தோன்றும். ஆனால் 1608 அக்டோபரில் மிடில்பர்க் நகரத்து மூக்குக்கண்ணாடிக்காரர் ஹான்ஸ் லிப்பர்ஹே தொலைநோக்கிக்கு உரிமை கேட்டு நெதர்லாந்து அரசிடம் போனபோது, சில நாட்களிலேயே ஜேக்கப் மேட்டியஸ் என்பவரும் அதே கோரிக்கையோடு வந்து நின்றார். இத்தனை பேருக்குத் தெரிந்ததற்குத் தனியுரிமை கிடையாது என்று அரசு கைவிரித்தது. ஆனாலும் கருவி செய்து தரச் சொல்லி லிப்பர்ஹேக்கு நல்ல பணம் கொடுத்தது. அடுத்த ஆண்டே இத்தாலியில் கலிலியோ, செய்தியை மட்டும் கேள்விப்பட்டுத் தானே ஒன்று செய்துகொண்டார். பார்த்ததும் பிடிபட்டுவிடும் பொருளுக்கு ரகசியம் ஏது? 1817இல், குழாய்க்குள் வண்ணக்கோலம் காட்டும் கலைடாஸ்கோப்புக்குக் காப்புரிமை வாங்கிய டேவிட் புரூஸ்டருக்கும் இதே கதிதான். பொம்மை ஊரெல்லாம் விற்றது, நகல்களாக.

அடுத்தது, கேள்விக்குப் பதில் சொல்லும் மென்பொருள். இது நேற்று முளைத்ததல்ல. 1961இலேயே ‘பேஸ்பால்’ என்ற நிரல், அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டங்களைப் பற்றிச் சாதாரண ஆங்கிலத்தில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தந்தது. பத்தாண்டு கழித்து ‘லூனார்’, அப்பல்லோ விண்வெளி வீரர்கள் கொண்டுவந்த நிலாப் பாறைகளைப் பற்றி அறிவியலாளர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொன்னது.

இதில் எதற்கு வேலி போடுவது? அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போரிஸ் காட்ஸும் பேட்ரிக் வின்ஸ்டனும் 1990களில் வாங்கிய காப்புரிமைகள் நல்ல எடுத்துக்காட்டு. ஒரு படமோ நீண்ட கட்டுரையோ இருக்கிறது. அதை இயந்திரத்தால் புரிந்துகொள்ள முடியாது. மனிதர் ஒருவர் அதன்மேல் ஒரு சின்ன வாக்கியத்தைக் குறிப்பாக ஒட்டிவைக்கிறார்: ‘செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள் உண்டு’. இயந்திரம் அந்த வாக்கியத்தை எது, எதனோடு, எப்படித் தொடர்புடையது என்று மூன்று துண்டாக்கிச் சேமிக்கிறது. நீங்கள் கேள்வி கேட்டால் அதையும் அப்படியே உடைத்துப் பொருத்திப் பார்த்து, பொருந்தினால் படத்தையோ கட்டுரையையோ எடுத்து நீட்டுகிறது. நூலகத்தில் புத்தகத்தைப் படிக்காமலே அட்டையைப் பார்த்து எடுத்துத் தரும் ஊழியரைப் போல. ‘கேள்விக்குப் பதில்’ என்ற எண்ணம் யாருக்கும் சொந்தமாகவில்லை. போய்ச் சேரும் இந்த ஒரு பாதைதான் சொந்தமாயிற்று.

பாதை இல்லாமல் ஊரையே கேட்டவர்களும் உண்டு. 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘ஆலிஸ்’ வழக்கில் ஒருமனதாகச் சொன்னது: பழைய அருவமான யோசனை ஒன்றோடு ‘இதைக் கணினியில் செய்க’ என்று சேர்த்துவிட்டால் அது கண்டுபிடிப்பு ஆகிவிடாது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. நல்ல மென்பொருள் வேலை சிலவும் அதில் அடிபட்டுப்போயின என்று வருந்துபவர்கள் இருக்கிறார்கள். அந்த வருத்தத்தையும் ஒதுக்கிவிட முடியவில்லை.

மூன்றாவதுதான் கையில் துளியும் பிடிபடாதது: திட்டப்பணிகளின் கால அட்டவணை. எந்த வேலை முடிந்தால் எந்த வேலை தொடங்கலாம் என்று வரைந்து, மிக நீண்ட சங்கிலியைக் கண்டுபிடித்தால் திட்டம் முடியும் நாள் தெரிந்துவிடும். அந்தச் சங்கிலியில் ஒரு நாள் தாமதித்தால் மொத்தமும் ஒரு நாள் தள்ளிப்போகும். மற்ற வேலைகளுக்குக் கொஞ்சம் இடைவெளி இருக்கும். டூபாண்ட் நிறுவனத்துக்காக மார்கன் வாக்கரும் ஜேம்ஸ் கெல்லியும் 1950களின் பிற்பகுதியில் உருவாக்கிய இந்த முறையை 1959இல் மாநாட்டுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958இல் உருவாக்கிய ‘பெர்ட்’ முறையும் அப்படியே பரவியது.

ஆட்களையும் இயந்திரங்களையும் பங்கிட வேண்டி வரும்போதுதான் கணக்கு கடினமாகிறது. அங்கே கணிதவியலாளர் நரேந்திர கர்மார்க்கர் வருகிறார். இத்தகைய பங்கீட்டுக் கணக்குகளுக்கு ஜார்ஜ் டான்சிக் 1947இல் தந்த முறை, பல முகங்கள் கொண்ட ஒரு வடிவத்தின் விளிம்புகள் வழியே முனைக்கு முனை நடந்து விடை தேடும். கர்மார்க்கர் 1984இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்தபடி, வடிவத்தின் உள்ளே புகுந்து குறுக்கே போகும் வழியைத் தந்தார். கணிதத்துக்குக் காப்புரிமையா என்று கணிதக்காரர்கள் கொதித்தார்கள். 1988இல் கிடைத்தேவிட்டது. ஆவணத்தின் தலைப்பில் கணிதம் என்ற பேச்சே இல்லை. ‘வளங்களைத் திறம்படப் பங்கிடும் முறைகளும் சாதனங்களும்’ என்று இருக்கும். எழுதிய வழக்கறிஞரின் கைவண்ணம்!

கூல்டுக்கு வருவோம். இன்று காப்புரிமையின் ஆயுள் பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் உரிமை வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு. டவுன்ஸ்-ஷாலோ காப்புரிமை 1977 மார்ச்சில் முடிந்தது. லேசர் தொழில் வளரத் தொடங்கிய காலம் முழுதும் அதிலேயே கழிந்திருந்தது. பல்லாண்டு வழக்காடிய கூல்டுக்கு முதல் பெரிய லேசர் காப்புரிமை கிடைத்தது அதே 1977 அக்டோபரில். கடைகளிலும் மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் லேசர் பெருகிய 17 ஆண்டுகள் அவருடைய கணக்கில் விழுந்தன.

வணக்கம்.