பட்டாளத்து ஆர்டர் குடோன்ல எப்படி வேலை செய்யும்?

(காட்சி: அல்சூர் ஏரி, எம்.இ.ஜி. மதில் சுவர்)

குரல்: பெங்களூர் தமிழருக்கு இந்த மதில் பழகினது. 1780-ல் தொடங்கின மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது எம்.இ.ஜி.ங்கிற ராணுவப் பொறியாளர் படை, இங்கதான் இருக்கு. அதோட சிப்பாய்க்குச் செல்லப் பேரே 'தம்பி'தான். ஓய்வு பெற்று வர்ற ஹவில்தார் ஒரு குடோனுக்கு சூப்பர்வைசரானா, அவர் கொண்டு வர்ற பெரிய சொத்து ஆர்டர் சொல்ற முறை.

(காட்சி: ஒசகோட்டை குடோன், மாலை 6 மணி. தரையில சாக்பீஸ் படம்)

ராணுவத்துல, போகப் போற இடத்தை மணல்ல மாதிரியாச் செஞ்சு (மணல் மாடல்) விளக்குவாங்க. இங்க சாக்பீஸ் போதும். ஆர்டருக்கு அஞ்சு பகுதி. நிலைமை: ரெண்டு பேர் லீவு, மழை வரும். நோக்கம்: காலையில கடை திறக்கும்போது சரக்கு சென்னையில இருக்கணும், அதனால 9 மணிக்கு லாரி கிளம்பணும். செயல்: நாலு பேர் சென்னை லோடு, மத்தவங்க பில் சரிபார்ப்பு. சப்ளை: தார்ப்பாய் ரெண்டு, 7 மணிக்கு டீ. தொடர்பு: ஸ்கேனர் நின்னா யார்கிட்ட சொல்லணும், சூப்பர்வைசர் இல்லாதப்போ யார் பொறுப்பு.

இதுல நோக்கத்தை மட்டும் ரெண்டு தடவை சொல்லுங்க. காரணம் தெரிஞ்சவர்தான், லாரி பஞ்சரானா யாரையும் கேக்காம அடுத்த வண்டியில லோடை மாத்துவார். "சீக்கிரம் ஏத்துங்கப்பா"ன்னு மட்டும் கேட்டவர் கையைக் கட்டி நிப்பார்.

தப்பு நடக்கிற இடம் ஒண்ணு இருக்கு. "சந்தேகம் இருக்கா?"ன்னு கேட்டதும் எல்லாரும் அமைதி. ராணுவ யூனிட்ல இருக்கிறவங்க மாசக்கணக்கா ஒண்ணா பயிற்சி எடுத்தவங்க, அதனால அந்த அமைதிக்கு அர்த்தம் இருக்கு. நேத்து கான்ட்ராக்ட்ல சேர்ந்த பையனோட அமைதி வெறும் பயம். "நீ என்ன செய்யப் போற, உன் வார்த்தையில சொல்லு தம்பி"ன்னு கேளுங்க. நாலு பேர்ல ஒருத்தர் தப்பாச் சொன்னாலும் அப்பவே திருத்திடலாம்.

ஆள் கணக்கும் முக்கியம். காலாட்படையில ஒரு செக்‌ஷனுக்குப் பத்துப் பேர்தான், மூணு செக்‌ஷன் சேர்ந்தா ஒரு பிளாட்டூன். முப்பது பேரை ஒருத்தரே நேரடியா விரட்டினா குரல்தான் போகும். மூணாப் பிரிச்சு ஆளுக்கொரு லீடர் போடுங்க. எல்லார் முன்னாடியும் திட்டாதீங்க. அடுத்த குடோன்ல வேலை காத்திட்டிருக்கு, பையன் நாளைக்கே போயிடுவான்.

(காட்சி: ஷிஃப்ட் முடிவு, வட்டமா நிக்கிறாங்க)

கடைசிப் பதினஞ்சு நிமிஷம் நாலு கேள்வி: என்ன நடக்கணும்னு நினைச்சோம், என்ன நடந்தது, ஏன், நாளைக்கு என்ன மாத்தணும். லோடர் முதல்ல பேசணும், சூப்பர்வைசர் கடைசியில. அவர் முதல்ல வாயைத் திறந்துட்டா மத்தவங்க தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. "ஸ்கேனர் சார்ஜ் ஆகலண்ணா"ன்னு ஒருத்தர் சொன்னா, நாளைக்கு ஆர்டர்ல சப்ளை பகுதியில முதல் வரி அதுதான்.