வெள்ளிக்கிழமை ராத்திரி ரூக்கைசர்

வணக்கம் மக்களே. பின்னால் கிரைண்டர் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டில் இட்லிக்கு அரைக்கிறார்கள், நிறுத்தச் சொல்ல நான் யார்.

சந்தை கொஞ்சம் இறங்கினாலே டிவியில் சிவப்பு எழுத்தைப் போட்டுக் கத்துகிறார்கள் இல்லையா, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு அமெரிக்கக்காரர் ஞாபகம்தான் வரும். லூயிஸ் ரூக்கைசர். 1933இல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பாவே பத்திரிகைகளில் பணம், முதலீடு பற்றி எழுதிக்கொண்டிருந்தவர். பிள்ளை பால்டிமோர் சன் பத்திரிகையில் சேர்ந்து லண்டன், ஆசியா என்று சுற்றினார், அப்புறம் ஏபிசி டிவியில் பொருளாதாரச் செய்தியாளர்.

1970 நவம்பரில் தொடங்கியது 'வால் ஸ்ட்ரீட் வீக்'. பெயரில்தான் வால் ஸ்ட்ரீட், அதாவது நியூயார்க்கில் பங்குச் சந்தை இருக்கிற தெரு, எடுத்தது பால்டிமோர் பக்கத்தில் ஓவிங்ஸ் மில்ஸ் என்ற ஊரில், மேரிலாந்து பொதுத் தொலைக்காட்சியில். அந்த வாரத்துச் சந்தை மூடியபிறகு வெள்ளிக்கிழமை ராத்திரி வருவார். முதலில் தனியாக நின்று பேசுவார், அதில் சிலேடைக்கு மேல் சிலேடை, பாதி கடி ஜோக்தான், நடுவில் ஒரு கண்ணடிப்பு வேறு. பிறகு நிபுணர்கள், கடைசியில் சோபாவில் ஒரு விருந்தாளி. அவ்வளவுதான் நிகழ்ச்சி. இதை வைத்து 32 வருஷம் ஓட்டினார்!

சரி, நான் சொல்ல வந்தது 1987 அக்டோபர். 16ஆம் தேதி வெள்ளிக்கிழமை, அன்றைக்கே டவ் ஜோன்ஸ், அதாவது நம்ம சென்செக்ஸ் மாதிரி அமெரிக்கச் சந்தைக் குறியீடு, நூறு புள்ளிக்கு மேல் இறங்கியிருந்தது, ராத்திரி நிகழ்ச்சிக்கு வந்த மார்ட்டின் ஸ்வைக் என்ற ஆய்வாளர் பெரிய சரிவு வரும் என்று பயமாக இருக்கிறது என்கிறார். சனி, ஞாயிறு போனது. திங்கட்கிழமை 508 புள்ளி காலி, 22.6 சதவீதம், ஒரே நாளில்! அந்தச் சதவீதத்தை இன்றுவரை டவ் ஜோன்ஸ் தாண்டவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள், அடுத்த வெள்ளிக்கிழமை நீங்கள் கேமரா முன்னால் நிற்க வேண்டும், பென்ஷன் பணத்தை ஷேரில் போட்டவர்கள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் என்ன சொல்வீர்கள்? நானாக இருந்தால் ஒரு கிராஃபை எடுத்துக் காட்டித் தப்பித்திருப்பேன். அவர் சொன்னது, போனது பணம்தான், உயிரில்லை, போன வாரம் உங்கள்மேல் பாசமாக இருந்தவர்கள் இன்றைக்கும் பாசமாகத்தான் இருக்கிறார்கள் என்று. எப்போதும் சந்தை ஏறும் பக்கமே பேசுவார் என்று அவர்மேல் ஒரு புகார் உண்டு, எனக்கும் உண்டு, ஆனால் அந்த ராத்திரிக்கு அவரைவிட்டால் ஆளில்லை.

2002இல் நிலையத்துக்கு இளசுகள் வேண்டியிருந்தது, ஃபார்ச்சூன் பத்திரிகையோடு கைகோத்துக்கொண்டு இவருக்கு ஒரு ஓரமான வேலை தருவதாகச் சொன்னார்கள். மனிதர் விடுவாரா? மார்ச் 22 அன்று அதே நிகழ்ச்சியிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்தார். உடனே வேலை போனது. ஒரு மாதத்துக்குள் சிஎன்பிசி என்ற வணிகச் செய்தி சேனலில் தன் பேரிலேயே ஒரு நிகழ்ச்சியோடு வந்து உட்கார்ந்தார்!

ஆனால் உடம்பு விடவில்லை. 2003இல் திரையிலிருந்து விலகினார், 2006 மே மாதம் புற்றுநோயில் இறந்தார், 73 வயது. அவரை அனுப்பிவிட்டு ஆரம்பித்த அந்தப் புது நிகழ்ச்சி? 2005லேயே நிறுத்திவிட்டார்கள்.

கிரைண்டர் நின்றுவிட்டது, நானும் நிறுத்திக்கொள்கிறேன்.