மண் தட்டில் ஒரு கூட்டல்

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். கல்லடிக் கடற்கரையில இருந்து பேசுறன். இண்டைக்கு இந்த மணல்லதான் கணக்கு.

இந்தத் தட்டத்தைப் பாருங்க. காய்ஞ்ச மணலை மா அரிக்கிற அரிதட்டால அரிச்சு, 3 மில்லிமீற்றர் கனத்துக்குப் பரப்பியிருக்கு. கூடப் போட்டா விரலால இழுத்த கோடு சரிஞ்சு மூடிரும். ஈர மணல்ல கோடு நிக்கும், ஆனா லேசில அழிக்க ஏலாது. சுளகு வேணாம், பின்னலுக்குள்ள மணல் சிக்கும்.

ஆயிரம் வருசத்துக்கு முந்தி, காஸ்பியன் கடலுக்குத் தெற்கே இருந்து வந்த குஷ்யார் இப்னு லப்பான், இந்தியக் கணக்கு முறையை அரபியில எழுதி வெச்சார். புழுதிப் பலகையில கூட்டுற வழி அதில இருக்கு. செஞ்சு பார்ப்பம்: 2708 உம் 495 உம்.

மேல 2708, கீழ 495. நூறுக்கு நேரா நூறு, பத்துக்கு நேரா பத்து. பள்ளிக்கூடத்தில வலப்பக்கத்தால தொடங்குவம், இவர் இடப்பக்கத்தால தொடங்குறார். 7ஓட 4, பதினொண்டு. 7ஐ அழிச்சு 1 போடுங்க, பக்கத்து 2ஐ 3 ஆக்குங்க. இப்ப மேல 3108. அடுத்து 0ஓட 9: 3198. கடைசியா 8ஓட 5, பதின்மூண்டு. 8 இருந்த இடத்தில 3. மிச்ச 1, பக்கத்து 9ஓட சேர்ந்து பத்தாகுது. அங்க 0 போட்டு, அடுத்த 1ஐ 2 ஆக்குங்க. 3203.

பிழை வாறது அந்த 9இலதான். அழிச்சிட்டு 0 போட மறந்தா, பார்க்கிறவர் 323 எண்டு வாசிப்பார்.

நம்ம பழைய தமிழ் இலக்கத்தில இந்தப் பயம் இல்ல. ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. 3203ஐ ௩௲௨௱௩ எண்டு எழுதினாங்க; மூவாயிரத்து இருநூற்று மூன்று, வாயால சொல்றபடியே. பத்து இல்லாட்டி ௰ஐ விட்டாச் சரி, பூச்சியமே தேவையில்ல. குறிச்சு வைக்க அருமையான முறை. ஆனா ஒண்டுக்குக் கீழ ஒண்டு அடுக்கிக் கூட்ட வெளிக்கிட்டா அந்த ௲உம் ௱உம் இடைஞ்சல்.

மண் தட்டில பெரிய குறை என்னெண்டா, விடை மட்டும்தான் மிஞ்சும், வந்த வழி அழிஞ்சிரும். எங்க பிழைச்சதெண்டு திரும்பத் தேட ஏலாது. 10ஆம் நூற்றாண்டில டமாஸ்கஸில அல் உக்லிதிஸி இதை மாத்தி, ஒண்டையும் அழிக்காம, மையால கடதாசியில செய்யிற வழியை எழுதினார். கடதாசி செய்யிற தொழில் சீனாவில இருந்து சமர்கந்து வழியா அங்க போனது. இந்திய இலக்கமும் சீனக் கடதாசியும் ஒரே மேசையில சந்திக்குது பாருங்க! இந்த வரலாற்றில எனக்கு ஆகப் பிடிச்ச இடம் அதுதான்.

பூச்சியத்துக்கான பேரும் கூடவே போனது. சூன்யம் அரபியில ஸிஃப்ர், 1202இல பீசா நகர லியனார்டோ எழுதின இலத்தீன் நூலில 'ஸெஃபிரும்' (zephirum), பிறகு ஸீரோ.

காத்தான்குடிப் பக்கம் குர்ஆன் பிரதியில வசன எண்களைக் கவனிங்க. அங்க பூச்சியம் வெறும் புள்ளி. வட்டம் மாதிரி, சில அச்சில தலைகீழ் இதயம் மாதிரி இருக்கிறது 5. புதுசா வாசிக்கிறவங்க அதை 0 எண்டு எடுத்துருவாங்க. புள்ளிப் பூச்சியம் பழசு. கம்போடியாவில சக ஆண்டு 605, அதாவது கி.பி. 683க்குரிய கல்வெட்டிலயும் 6க்கும் 5க்கும் நடுவில புள்ளிதான்.

சரி, 1006 உம் 994 உம் நீங்க போட்டுப் பாருங்க, இடப்பக்கத்தால. கடைசி 4ஐக் கூட்டுற நேரம் மூண்டு இடம் ஒண்டொண்டா அழியும். மூண்டிலயும் 0 போடுங்க.