குப்பை அடித்த ஊரிலிருந்து குப்பை கொட்டும் ஊருக்கு

(வேளச்சேரிப் பக்கத்து அடுக்ககக் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்பையைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். காபி உண்டு என்று செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் போட்டதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை.

எங்கள் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். சித்திரை, வைகாசியில் ஒருவரை ஒருவர் பார்த்தால், "வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள். கொல்லையில் இருக்கும் எருக்குழியில் வருஷம் முழுக்கச் சேர்ந்ததை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், வயலில் அங்கங்கே கும்பலாகத் தட்டுவதற்குப் பேர் குப்பை அடிப்பது. சாணம், வைக்கோல் கூளம், அடுப்புச் சாம்பல், சாப்பிட்ட வாழை இலை எல்லாம் அந்தக் குழிக்குத்தான் போகும். பக்கத்துக் கொல்லைக்காரர் நான்கு கூடை அள்ளிவிட்டார் என்று என் தாத்தா பஞ்சாயத்து வரை போனார். குப்பைத் திருட்டுக்குப் பஞ்சாயத்து! இன்றைக்கு யாராவது நம் குப்பையைத் திருடிக்கொண்டு போனால் கோயிலில் தேங்காய் உடைப்போம்.

அதே வாழைப்பழத் தோல், அதே புடலங்காய்க் குடல்தான் இங்கேயும். பாலித்தீன் பையில் போட்டு இறுக்கி முடிச்சுப் போடுகிறோமே, அங்கேதான் கெட்டது. காற்றில்லாத இடத்தில் ஈரக்குப்பை அழுகும், மக்காது. அழுகும்போது மீத்தேன் வாயு வரும். லாரியில் போய் மேட்டில் விழுந்த பிறகும் உள்ளே அதே கதைதான்.

அந்த மேடு எங்கோ இல்லை. பெருங்குடி நமக்குக் கூப்பிடு தூரம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில், பறவைகள் இறங்க வேண்டிய தண்ணீரில், பல வருஷங்களாக ஊர்க் குப்பையைக் கொட்டி எழுப்பிய மேடு அது. 2022 ஏப்ரலில் அது பற்றி எரிந்தபோது நம்மில் பலர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தோம். உள்ளே மீத்தேன், மேலே காய்ந்த பிளாஸ்டிக், நடுவில் சித்திரை வெயில். தீ பிடிக்க வேறென்ன வேண்டும்? கொழும்பில் மீதொட்டமுல்ல என்ற இடத்தில், 2017 சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, குப்பை மேடு சரிந்து வீடுகள் மேல் விழுந்தது. பலகாரம் செய்துகொண்டிருந்த வீடுகள். முப்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். எங்கள் குடியிருப்பில் 64 வீடு. முதல் முறை ஈரக்குப்பையை உரமாக்க ஆரம்பித்துப் படுதோல்வி அடைந்தோம். உங்களுக்குப் பயன்படப் போவது அந்தத் தோல்விதான் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய பிளாஸ்டிக் பீப்பாய் நான்கு வாங்கி, ஓட்டை போட்டு, பின்பக்கச் சுவரோரம் வைத்தோம். எல்லோரும் ஒழுங்காகப் பிரித்துத்தான் கொடுத்தார்கள். பத்தாவது நாள் தரைத்தளத்து மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்தால் கறுப்புத் தண்ணீர், நெளிகிற வெள்ளைப் புழு, வயிற்றைப் புரட்டும் நாற்றம். அன்று சாயங்காலக் கூட்டத்தில் என்னைத் திட்டாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஊரில் இல்லை. இன்னொருவர் என் மனைவி, அவர் வீட்டில் வைத்துத் திட்டினார்.

தப்பு எங்கே என்று பிடித்தவர் எங்கள் வளாகத்தைக் கூட்டும் அம்மாதான். "சருகே போடாம வெறும் சோத்தையும் காயையும் போட்டா ஊசிப் போகாம என்ன சார் செய்யும்?" என்றார். அதே நேரத்தில் நாங்கள் வேப்பஞ்சருகையும் பாதாம் மரத்து இலையையும் மூட்டை கட்டி வாசலில் வைத்து, மாநகராட்சி வண்டி எடுக்கவில்லை என்று புகார் செய்துகொண்டிருந்தோம்.

கணக்கு இதுதான். உரக்குவியலுக்குள் வேலை செய்கிற நுண்ணுயிர்களுக்குக் கரிச்சத்து, அதாவது கார்பன், ஏறக்குறைய முப்பது பங்கும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ஒரு பங்கும் இருந்தால் சாப்பாடு ஒத்துக்கொள்ளும். சமையலறைக் கழிவில் தழைச்சத்தும் தண்ணீரும் அதிகம், சருகில் கரி அதிகம். தராசெல்லாம் வேண்டாம், ஒரு வாளி ஈரக்குப்பைக்கு ஒன்றிலிருந்து இரண்டு வாளி சருகு. சருகு கிடைக்காத மாதத்தில் தென்னை நார்க்கழிவு, மரத்தூள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம். ஒழுகினால் இன்னும் சருகு போடுங்கள். வாரம் ஒரு முறை கிளறிவிடுங்கள். அவ்வளவுதான்.

இரண்டாம் முறை கம்பி வலையில் நான்கடிக்கு நான்கடி கூண்டு செய்தோம். கேரளத்தில் சாலக்குடிப் பக்கம் தும்பூர்மூழியில், கால்நடைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் உருவாக்கிய முறை அது. அடியில் சாணம், மேலே சருகு, அதற்கு மேல் ஈரக்குப்பை, மறுபடி சாணம் என்று அடுக்கிக்கொண்டே போவது. நாலாபக்கமும் காற்று போவதால் நாற்றம் இல்லை. நிரம்பிய பிறகு மூன்று மாதம் விட்டால் உரம். ஆலப்புழை நகரம் இந்தக் கூண்டுகளை வைத்துத்தான் தப்பித்தது. அந்த ஊர் லாரிகளை 2012இல் சர்வோதயபுரத்து மக்கள் மறித்து, இனி எங்கள் ஊரில் கொட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கொட்ட இடம் இல்லை என்றானதும் நகரத்துக்குப் புத்தி வந்தது. நம் லாரியை யாரும் மறிக்காததால் நமக்கு இன்னும் வரவில்லை. இத்தனைக்கும் மத்திய அரசின் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே, 5000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகள் மக்கும் குப்பையைக் கூடியவரை உள்ளேயே முடித்துக்கொள்ள வேண்டும் என்றன.

கூண்டு வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். நீளமான இரும்புக் கம்பியை நடுவில் செருகி, ஐந்து நிமிஷம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். எங்கள் மாடிப் பையன் ஒருவன் சும்மாச் சொல்கிறேன் என்று நினைத்து அழுத்திப் பிடித்துவிட்டுக் கையை உதறினான். உள்ளே அறுபது டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில்தான் புழுவும் களை விதையும் சாகின்றன. அன்றிலிருந்து கம்பி செருகுவது அவன் பொறுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் அங்கேதான் போகிறான்.

குப்பையைக் குறைப்பதைப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். மஞ்சப்பை எடுத்துப் போங்கள், மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். ஒன்றே ஒன்று: பால் பாக்கெட்டின் மூலையை வெட்டும்போது அந்தத் துண்டைத் தனியாக வெட்டி எறியாதீர்கள். கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கட்டும். பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்தால் காயலான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். நகக்கண் அளவு இருக்கும் அந்தத் துண்டை உலகத்தில் யாரும் பொறுக்க முடியாது. எங்கள் உரத்தைச் சலிக்கும்போது கடைசியில் சல்லடையில் தங்குவது அதுவும், பழத்தில் ஒட்டி வரும் ஸ்டிக்கரும்தான்.

டயப்பரையும் நாப்கினையும் தயவுசெய்து செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். அவற்றை வெறுங்கையால் பிரித்தெடுப்பது ஒரு மனுஷி. அவருக்கு நாங்கள் கையுறை வாங்கிக் கொடுத்தது, பீப்பாய்கள் வாங்கி எட்டு மாதம் கழித்து. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. நீங்கள் முதல் செலவாக அதைச் செய்யுங்கள்.

வருகிற செவ்வாய்க்கிழமை எங்கள் மூன்றாம் கூண்டைப் பிரிக்கிறோம். பார்க்க வருகிறவர்கள் காலை ஏழு மணிக்கே வந்துவிடுங்கள், அப்புறம் வெயில் ஏறிவிடும். கையில் ஒரு பை கொண்டு வாருங்கள், ஆளுக்கு இரண்டு கிலோ. அதற்கு மேல் கேட்காதீர்கள். போன முறை மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் ஐந்து கிலோ எடுத்துவிட்டார் என்று இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.