வெளியேறும் வழியை முதல் பக்கத்தில் எழுதுங்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். கோலாலம்பூரிலும் சைபர்ஜெயாவிலும் பினாங்கின் பாயான் லெப்பாஸிலும் மென்பொருள் துறையில் பணியாற்றும் நம் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் மனக்குறை ஒன்று உண்டு. தங்கள் நிறுவனத்தின் இணையப் பணிக்கு மிகவும் பொருத்தமான ஒரு தொழில்நுட்பத்தைத் தேடிக் கண்டறிந்து, ஓய்வு நேரத்தில் கற்றுக்கொண்டு, சிறியதொரு மாதிரியையும் செய்து காட்டிய பிறகு, "இதன் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லையே" என்ற ஒரே வாக்கியத்தில் நிர்வாகத்தினர் அதைத் தள்ளிவைத்துவிடுகிறார்கள் என்பதே அந்தக் குறை. அந்த வாக்கியத்துக்குப் பின்னால் நியாயமான அச்சங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு விடை சொல்லாமல் தொழில்நுட்பத்தின் பெருமையை எத்தனை மணி நேரம் விளக்கினாலும் பயனில்லை. எனக்கு நன்கு பழக்கமான ஒரு தொழில்நுட்பத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இன்று பேசுகிறேன். வேறொன்றைப் பரிந்துரைக்க எண்ணுபவர்களுக்கும் இது பொருந்தும்.

நான் எடுத்துக்கொள்வது எலிக்சர் என்னும் நிரல் மொழியையும், அதைக் கொண்டு இணையத்தளங்களை உருவாக்க உதவும் ஃபீனிக்ஸ் என்னும் கட்டமைப்பையும். இவற்றின் அடித்தளம் எர்லாங் என்னும் பழைய மொழி. சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோர் 1986ஆம் ஆண்டு வாக்கில் தொலைபேசி இணைப்பகங்களுக்காக அதை உருவாக்கத் தொடங்கினார்கள். ஓர் இணைப்பகத்தில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவருடைய அழைப்பில் ஏற்படும் கோளாறு மற்றவர்களுடைய அழைப்பைத் துண்டித்துவிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு வேலையும் சில கிலோபைட் நினைவகத்தில் அடங்கிவிடும் தனித்தனிச் சிறு செயலாக, ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று தொடாதபடி இயங்கும். ஒன்று விழுந்தால், அதைக் கண்காணிக்கும் மேற்பார்வைச் செயல் அதை மீண்டும் எழுப்பிவிடும். ரூபி என்னும் நிரல் மொழியில் எழுதப்பட்ட ரூபி ஆன் ரெயில்ஸ் என்னும் இணையக் கட்டமைப்பின் குழுவில் முக்கியப் பங்காற்றிய பிரேசில் நாட்டு ஜோசே வலிம், இந்த அடித்தளத்தின் மீது எலிக்சரை 2011இல் எழுதத் தொடங்கினார். அதன் முதல் நிலையான பதிப்பு 2014இல் வந்தது. கிறிஸ் மெக்கார்ட் உருவாக்கிய ஃபீனிக்ஸின் முதல் நிலையான பதிப்பு 2015இல் வெளியாயிற்று. கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன்களை ஏற்றிக்கொண்டு புறப்படும் லாரிகள் எங்கே இருக்கின்றன என்பதை நூற்றுக்கணக்கான அலுவலகத் திரைகளில் அந்தந்த நொடியில் காட்ட வேண்டும் என்றால், இத்தகைய வேலைக்கென்றே பிறந்த கருவி இது.

இங்கே ஒரு வரலாற்று நிகழ்வை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நிர்வாகத்தினரின் மனத்தைப் புரிந்துகொள்ள அதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. 1998 பிப்ரவரியில் எரிக்சன் ரேடியோ சிஸ்டம்ஸ் என்னும் பிரிவு, புதிய தயாரிப்புகளில் எர்லாங்கைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை விதித்தது. பெற்றெடுத்த நிறுவனமே அதைத் தன் வீட்டுக்குள் தடை செய்தது! அந்த மொழி திறமையற்றது என்பது அதற்குக் காரணமன்று. அதற்கு அடுத்த மாதமே, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகள் எர்லாங்கில் எழுதப்பட்ட ஏஎக்ஸ்டி301 என்னும் இணைப்புக் கருவியை எரிக்சன் அறிவித்தது. நிர்வாகம் சொன்ன காரணம் வேறு: ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமான மொழியைவிடப் பலரும் பயன்படுத்தும் பொது மொழிகளையே தாங்கள் விரும்புவதாக அவர்கள் கூறினார்கள். ஒரு மொழியை நாம் மட்டுமே பேசினால், அதைக் கற்றுக்கொடுப்பதும் பழுது பார்ப்பதும் வளர்ப்பதும் என்றென்றும் நம் செலவாகவே இருக்கும் என்னும் கவலையை அதில் நான் காண்கிறேன். அந்தக் கவலையை மூடத்தனம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் எர்லாங் திறந்த மூலமாக, அதாவது யாரும் அதன் நிரலைப் பார்த்துப் பயன்படுத்தித் திருத்தும் வகையில், வெளியிடப்பட்டது. அதை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் விலகிச் சென்று தனி நிறுவனம் தொடங்கினார்கள். காலப்போக்கில் எரிக்சன் அந்தத் தடையைத் தளர்த்தியது. 2004இல் ஆம்ஸ்ட்ராங்கையே மீண்டும் வேலைக்கு அழைத்துக்கொண்டது. அந்த ஆறு ஆண்டுகளில் மொழியின் அடிப்படை மாறிவிடவில்லை. அது யார் கையில் இருக்கிறது, வேறு யார் அதைத் தாங்கிப் பிடிப்பார்கள் என்ற கேள்விக்குத்தான் புதிய விடை கிடைத்திருந்தது.

ஆகவே, உங்கள் நிர்வாக இயக்குநர் முகம் சுளிக்கும்போது அவர் மனத்தில் எழும் முதல் கேள்வி, "நாளை இந்தப் பிள்ளை வேறு வேலைக்குப் போய்விட்டால் இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்பதே. சிங்கப்பூர் சம்பளம் நம் பொறியாளர்களை எப்படி இழுக்கிறது என்பதை அறிந்த எந்த மலேசிய நிர்வாகியும் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார். "இது எளிய மொழி, யாரும் கற்றுக்கொள்ளலாம்" என்று பொதுவாகச் சொல்வது இதற்கு விடையாகாது. அலுவலகத்தில் இன்னொருவர் பெயரைச் சொல்ல வேண்டும். நீங்கள் கோரிக்கை வைப்பதற்கு முன்பே, உங்களுடன் பணிபுரியும் ஒருவர் உங்கள் துணையின்றி அந்த மாதிரியில் ஒரு மாற்றத்தைச் செய்து காட்டியிருக்க வேண்டும். ரூபி அறிந்தவருக்கு எலிக்சரின் தோற்றம் பழகியதாகவே இருக்கும். ஆனால் சிந்திக்கும் முறை புதியது, அதற்குப் பயிற்சி தேவை. பயிற்சிச் செலவு என்றவுடன் நிதிப் பிரிவு தயங்கும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களைக் கொண்ட முதலாளிகள் எச்ஆர்டி கார்ப் எனப்படும் மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குச் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை லெவியாகச் செலுத்துகிறார்கள் அல்லவா? அந்த நிதியிலிருந்து பயிற்சிச் செலவைக் கோர வழி உண்டு. அதற்கான நிபந்தனைகளை முன்கூட்டியே மனிதவளப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தத் தாளையும் கோரிக்கையோடு இணையுங்கள். நிதி அதிகாரியை அசைக்கும் ஆற்றல் தொழில்நுட்ப விளக்கப்படங்களைவிட அந்தத் தாளுக்கு அதிகம்.

இரண்டாவது அச்சம், தெரியாத பெயர் நீண்ட நாள் நிலைக்காது என்பது. பெரிய பெயர்களும் நிலைத்துவிடவில்லை என்பதை மரியாதையோடு நினைவூட்டலாம். அடோபியின் ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31இல் முடிவுக்கு வந்தது. மைக்ரோசாப்டின் சில்வர்லைட்டுக்கு ஆதரவு 2021 அக்டோபரில் நின்றது. கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் அதே ஆண்டு இறுதியில் நின்றது. மூன்றும் இணையப் பக்கங்களையும் செயலிகளையும் உருவாக்க உதவிய, உலகறிந்த நிறுவனங்களின் தயாரிப்புகள். மூன்றையும் நம்பிக் கட்டியவர்கள் மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. இன்னொன்றையும் விசாரித்துப் பாருங்கள். மென்பொருள்களுக்கு இடையே செய்திகளைக் கொண்டுசெல்லும் ராபிட்எம்கியூ உங்கள் நிறுவனத்திலேயே பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கலாம். அது எர்லாங்கில் எழுதப்பட்டது. அப்படியானால், நீங்கள் கேட்கும் தொழில்நுட்பத்தின் அடித்தளம் உங்கள் சர்வர் அறைக்குள் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கிறது.

மற்ற அமைப்புகளோடு இது ஒத்துப்போகுமா என்பதும் கேட்கப்படும். வருமான வரி வாரியத்தின் மின்விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்டு முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்ததிலிருந்து இந்தக் கேள்வி கூர்மையாகிவிட்டது. அதன் மைஇன்வாய்ஸ் தளம் எக்ஸ்எம்எல் அல்லது ஜேசன் என்னும் பொதுவான தரவு வடிவில் ஆவணங்களை ஏற்கிறது. அதை எந்த மொழியிலிருந்தும் அனுப்பலாம். ஆனால் இணையவழிப் பணம் செலுத்த உதவும் சேவை நிறுவனங்கள் தரும் மாதிரி நிரல்கள் பெரும்பாலும் பிஎச்பி, ஜாவா ஆகிய மொழிகளில்தான் இருக்கும். எலிக்சருக்கு அந்தப் பகுதியை நாமே எழுத வேண்டியிருக்கலாம். இதை மறைக்காமல், அதற்குத் தேவைப்படும் வேலை நாள்களையும் மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். நீங்கள் மறைத்த ஒரு செலவைப் பின்னர் நிதி அதிகாரியே கண்டுபிடித்தால், நீங்கள் சொன்ன உண்மைகளும் ஐயத்துக்கு உள்ளாகும்.

இப்போது நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் இடத்துக்கு வருகிறேன். நம் இளைஞர்கள் எழுதும் முன்மொழிவுகளில் முதல் பக்கம் முழுவதும் நன்மைகளின் பட்டியலாக இருக்கும். தோல்வியுற்றால் என்ன செய்வது என்பது கடைசிப் பக்கத்தில்கூட இருக்காது. இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்பதே என் வேண்டுகோள். வெளியேறும் வழியை முதல் பக்கத்தில் எழுதுங்கள். கையெழுத்திடும் நிர்வாகி தன் பதவியையும் பெயரையும் பணயம் வைக்கிறார். கதவு எங்கே இருக்கிறது என்று அவருக்கு முதலில் காட்டிவிட்டால், அறைக்குள் வர அவர் தயங்க மாட்டார்.

லாரிகளைக் காட்டும் அந்தத் திரையையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். பழைய மென்பொருளின் ஆணைப் பதிவும் விலைப்பட்டியலும் கணக்கும் அப்படியே இருக்கட்டும். நேரலைத் திரை ஒன்றை மட்டும் ஃபீனிக்ஸில் எழுதுங்கள். தகவல்கள் ஏற்கெனவே உள்ள போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலேயே இருக்கட்டும். எலிக்சர் அதை நன்றாகக் கையாளும். பழைய அட்டவணைகளின் அமைப்பை மாற்றாதீர்கள். முன்னால் நின்று கோரிக்கைகளைப் பிரித்தனுப்பும் என்ஜின்எக்ஸில், அந்த ஒரு பக்கத்தின் முகவரியை மட்டும் புதிய சேவைக்குத் திருப்பிவிடுங்கள். சிக்கல் வந்தால் அந்த அமைப்பை முன்போல் மாற்றியதும் பழைய திரை திரும்பிவிடும். அதற்காகவே பழைய திரையின் நிரலை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். இந்தத் திரும்புதலை யார் செய்வார், எத்தனை நிமிடத்தில் செய்வார் என்பதை எழுதி, வேலை நேரத்துக்குப் பிறகு ஒருமுறை செய்தும் பாருங்கள். எந்த நிலை ஏற்பட்டால் முயற்சியைக் கைவிடுவோம் என்பதையும் தொடங்கும் முன்பே வரையறுத்து, நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெறுங்கள். திரை எவ்வளவு தாமதமாகப் புதுப்பிக்கப்பட்டால், இரவில் எத்தனை முறை ஆள்களை எழுப்ப நேர்ந்தால், இரண்டாம் பொறியாளர் தனித்துப் பணியாற்ற இயலாமற்போனால் நிறுத்திவிடுவோம் என்று அது தெளிவாக இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் நிறுவனத்தின் கதையை இந்த இடத்தில் பலரும் சொல்ல ஆசைப்படுவார்கள். எர்லாங்கைக் கொண்டு வளர்ந்த அந்த நிறுவனத்தை 2014இல் ஃபேஸ்புக் சுமார் 1,900 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்க அறிவித்தபோது, ஏறத்தாழ 45 கோடிப் பயனர்களுக்குச் சேவை செய்த பொறியாளர் குழு மிகச் சிறியது என்பது உண்மைதான். இருந்தாலும் உங்கள் பேச்சை அதிலிருந்து தொடங்காதீர்கள். "நாம் வாட்ஸ்அப் இல்லையே" என்று நிர்வாகி சொல்லிவிட்டால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். நம் சர்வர் வாடகை மாதம் எத்தனை ரிங்கிட், திரை உறைந்துபோனதால் எத்தனை தொலைபேசி அழைப்புகள் வந்தன, அவற்றுக்குப் பதில் சொல்ல எத்தனை மணி நேரம் போயிற்று என்ற நம் சொந்தக் கணக்கே அவருக்கு வேண்டும். அந்தக் கணக்கில் வலி ஏதும் தென்படவில்லை என்றால், தயவுசெய்து கோரிக்கையே வைக்காதீர்கள். நிறுவன அறிமுகத்துக்கும் தொடர்பு முகவரிக்குமான ஒரு தளத்துக்கு வேர்ட்பிரஸ் போதும். அங்கே புதிய மொழியைப் புகுத்துவது நிறுவனத்துக்குச் செய்யும் தீங்கு.

பேசும் முறையிலும் கவனம் தேவை. வாரக் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் இதை முதன்முறையாக எடுத்துவைத்தால், மூத்தவர் ஒருவர் மறுத்துச் சொல்லிவிட நேரும். சொன்ன சொல்லை அத்தனை பேர் நடுவில் திரும்பப் பெறுவது அவருக்கும் கடினம். முதலில் நிதி அதிகாரியிடமும், அடுத்து இயக்கப் பிரிவுத் தலைவரிடமும் தனித்தனியே பேசி, அவர்களுடைய கேள்விகளை வாங்கிக்கொண்டு வந்து தாளைத் திருத்துங்கள். மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் தரும்படி பணிவோடு கேளுங்கள். எப்போது மீண்டும் பரிசீலிக்கலாம் என்ற தேதியையும் கேட்டு வாங்குங்கள். ஒப்புதல் கிடைத்து முயற்சி முடிந்த பிறகு, அதன் முடிவை நீங்களே சென்று சொல்லாமல், அந்தத் திரையை நாள்தோறும் பார்த்து லாரிகளை அனுப்பும் ஊழியரைப் பேசவிடுங்கள். எது மேம்பட்டது, எது இன்னும் தொல்லை தருகிறது என்று அவர் சொல்வதைக் குறிப்பெடுத்து, தொல்லைகளையும் விடாமல் அறிக்கையில் சேர்த்து, நிறுத்துவதற்காக முன்பு வரையறுத்த நிபந்தனைகளின் பக்கத்திலேயே அவற்றை வைத்துக் கொடுங்கள். அடுத்த பகுதியையும் மாற்றலாமா வேண்டாமா என்பதை அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிர்வாகம் தீர்மானிக்கட்டும்.

நன்றி, வணக்கம்.